முடியவில்லை, மறுத்துவிட்டார்

கிரிபட்டி என்கிற தூரத்துத் தீவு நாட்டிலிருந்து, ஆங்கிலம் பேசுகிற எங்கள் ஊர் முதியோர் இல்லத்துக்கு வேலைக்கு வந்தவள் மரேட்டா. நாற்பத்தொரு வயது. ஊரில் நான்கு பிள்ளைகள். வேலை போனால் விசாவும் போகும். நான் ரீஸ், அங்கே சமையலறையில் தட்டுக் கழுவுகிறவன், பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்.

அவள் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். ஒன்றுபோலவே தெரிகிற ஆங்கிலச் சொற்களை ஜோடி ஜோடியாக எழுதி வைத்துக்கொண்டு, என்ன வித்தியாசம் என்று என்னிடம் கேட்பாள். மற்றவர்களுக்கு நின்று பதில் சொல்ல நேரமில்லை. எனக்கு விளையாட ஆள் வேண்டியிருந்தது.

"ரீஸ், இதைப் பாரு: ஸ்லிம், ஸ்க்ரானி. ரெண்டும் ஒல்லிதானே?"

"ஸ்க்ரானிதான் மரியாதை. பெரிய இடத்துப் பொம்பளைங்ககிட்ட அதைத்தான் சொல்லணும்."

மறுநாள், தாயைப் பார்க்க வந்த ஒரு சீமாட்டியிடம் சிரித்த முகத்தோடு அதைச் சொல்லிவிட்டாள். எலும்பும் தோலுமாக வத்திப்போயிருக்கிறாய் என்று அர்த்தம். புகார் போனது. மேற்பார்வை பார்க்கும் டெல்மா எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாள். சொல்லிக்கொடுத்தது யார் என்று மரேட்டா வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

பன்னிரண்டாம் அறையில் ஹாஸ்லம் என்ற கிழவர் இருந்தார். பக்கவாதம் வந்தபிறகு விழுங்கவே திணறுவார். ஒருவருக்கு ஊட்ட எட்டு நிமிடம் என்பது இல்லத்துச் சட்டம். அவருக்கு நாற்பது வேண்டும். அவர் சாப்பிடாத வேளைகளில் மரேட்டா அவருடைய சாப்பாட்டுக் கணக்குத் தாளில் 'அனேபிள்' என்று எழுதுவாள்: முடியவில்லை. அப்படி எழுதினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும், ஊட்டத் தனி ஆள் போட வேண்டும். மற்றவர்கள் 'ரெஃப்யூஸ்ட்' என்பார்கள்: மறுத்துவிட்டார். மறுத்தவருக்கு யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

ஹாஸ்லம் ஒன்பது கிலோ எடை குறைந்தார். அரசாங்கத்திலிருந்து சோதனைக்கு வருகிறார்கள் என்று சேதி வந்ததும், டெல்மா பதினாறு வெற்றுத் தாள்களோடு சமையலறைக்கே வந்தாள்.

"கண்ணு, நீ அனேபிள்னு எழுதின பழசைக் கிழிச்சாச்சு. எல்லாத்துலயும் ரெஃப்யூஸ்ட்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

"அவர் வேணாம்னு சொல்லலையே."

"வாயை மூடிக்கிட்டாரா இல்லையா? உம்மேல ஏற்கெனவே ஒரு லெட்டர் இருக்கு. நான் டீ குடிச்சிட்டு வர்றேன்."

அவள் போனதும் மரேட்டா நோட்டை எடுத்து அனேபிள், ரெஃப்யூஸ்ட் என்ற ஜோடியைக் காட்டினாள். "நிஜமாச் சொல்லு ரீஸ். இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கா?"

அந்தக் கடிதம் என்னால் வந்தது. இன்னொன்று வந்தால் அவள் விமானம் ஏற வேண்டியதுதான்.

"ஒண்ணுமில்ல. ரெண்டும் ஒண்ணுதான். போட்டுடு."

"வெளையாடுறியா?"

"இல்ல."

நோட்டை மூடிப் பையில் வைத்தாள். பிறகு பதினாறிலும் எழுதினாள்.

சோதனைக்கு வந்தவர்கள் தாளைப் புரட்டினார்கள், பிஸ்கட் தின்றார்கள், போனார்கள். மறுப்பது ஹாஸ்லமுடைய உரிமை என்று டெல்மா ஊட்டுவதையே நிறுத்திவிட்டாள். தட்டை வைத்து எடுத்தால் போதும். அது என் வேலை. இரண்டு முறை யாருக்கும் தெரியாமல் நானே கரண்டியைப் பிடித்துப் பார்த்தேன். பூசணி மசியல் தாடையில் வழிந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஊட்டுவதை நிறுத்திய எட்டாம் நாள் இறந்தார்.

மரேட்டாவுக்கு விசாவை நீட்டித்தார்கள். போன மாதம் புதிதாக வந்த இரண்டு தீவுப் பெண்களுக்குத் தாள் நிரப்ப அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். நான் தட்டுக் கழுவிக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டேன்.

"வாய் தெறக்கலன்னா மறுத்தார்னு போடுங்கடி. நின்னு யோசிக்காதீங்க."