சி பெர்மிட்டும் ஒரு கைத்துவக்கும்

சுவிஸில், துன் நகரத்தில், எங்கள் கீழ்வீட்டில் ஒரு சுவிஸ் மனிசி தனியாக இருக்கிறார். புருசன் செத்தபிறகு இடைக்கிடை போய் ஏதாவது சமைத்துக் கொடுப்பேன். ஒருநாள் அவருடைய அலுமாரியைத் துடைக்கும்போது சப்பாத்துப் பெட்டியொன்றில் கைத்துவக்கு கிடந்தது. புருசன் பட்டாளத்தில் இருந்த காலத்தது.

மனிசிக்கு முகம் வெளுத்துவிட்டது. "இதைப் பொலிசிலை குடுக்கவேணும். கொண்டுபோக ஏதோ பெர்மிட் வேணுமாம். உங்களிட்டை இருக்கோ?"

"ஏன் இல்லை? சி பெர்மிட்" என்றேன், தலையை நிமிர்த்திக்கொண்டு.

எங்கள் சனத்துக்குப் பெர்மிட் என்றால் ஒன்றுதான், இந்த நாட்டில் இருக்கவிடுகிற அட்டை. முதலில் எஃப், பிறகு பி, கடைசியில் நிரந்தரமாக இருக்க சி. ஆஸ்பத்திரிக் குசினியில் சட்டி கழுவிக் கழுவி எடுத்த சி. அதற்கு மிஞ்சி ஒரு பெர்மிட் இருக்குமென்று எனக்குத் தோன்றவேயில்லை.

துவக்கைத் துவாயில் சுற்றிப் பையில் வைத்து, மேலே லீக்ஸ் மரக்கறியை வைத்து மூடி, பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கைகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

பொலிசில் துவாயை விரித்ததும் அங்கிருந்த பொலிஸ் பெடியன், "கையை எடுங்கோ" என்றான். துவக்கை மெல்லத் திறந்து பார்த்தான். உள்ளே குண்டு இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பிள்ளைகளை நினைத்தேன்.

பெர்மிட் கேட்டான். சி அட்டையை வைத்தேன். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பெயர் விலாசம் எழுதத் தொடங்கினான். அப்போதுதான் மகளின் ஞாபகம் வந்தது. சுவிஸ் பிரசாவுரிமைக்கு அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுப் பெயர் பொலிசில் ஏறினால் அவளுக்கு என்ன ஆகும்?

பொலிசார் மொழிபெயர்க்கவும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். வேலை செய்யும் ஹோட்டலிலிருந்து உடுப்பு மாற்றாமல் ஓடிவந்தாள்.

"துவக்கு வாங்க ஒரு பெர்மிட், கொண்டு திரிய வேறை பெர்மிட். எங்கடை இலங்கைப் பாஸ்போட்டுக்கு லேசிலை குடுக்காயினம். போன் அடிச்சிருந்தா அவையே வந்து எடுத்திருப்பினம், அம்மா."

"அப்ப என்ரை சி?"

"அது நீங்கள் இஞ்சை இருக்கிறதுக்கு. துவக்கு இருக்கிறதுக்கில்லை."

ஒப்படைக்க வந்தபடியால் வழக்கில்லை என்றான் பெடியன். ஆனால் எழுதியது எழுதியதுதான். மகளோடு திரும்பி பஸ் ஏறினேன். லீக்ஸ் என் மடியில் கிடந்தது.

நேர்முகத்தில், அவர்கள் கேட்கமுதலே அவள் அந்தத் துவக்கு விசயத்தைச் சொல்லிவிட்டாளாம்.

"என்னெண்டு சொன்னனி?"

"அம்மாவுக்குப் பெர்மிட் எண்டால் ஒண்டுதான் தெரியும் எண்டன். எல்லாரும் சிரிச்சவை. பிறகு கை தந்தவை. சரிவரும் போலை கிடக்கு."

பிறகு அவளுக்குப் பிரசாவுரிமை சரிவந்தது. முன்பின் தெரியாத ஆட்கள் நான் சட்டி கழுவி எடுத்த சி அட்டையின் கதையைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அவள் அதைச் சொன்ன அன்றைக்கு நான் உலையைப் பார்க்கிற சாட்டில் குசினிக்குள் போய் நின்றேன்.