காரிமங்கலம் ஆடிய இறுதி ஆட்டம்

பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு கால்பந்து ஆட்டம் பார்க்க பெங்களூரிலிருந்து காரிமங்கலம் போய் வந்தேன். இந்த வலைப்பூவில் தருமபுரி மாவட்டம் என்று தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் ஒகேனக்கலுக்குத்தான் வழி கேட்கிறீர்கள். இது அருவிப் பயணம் இல்லை. ஆனால் ஒரு பகல் கையில் இருந்தால் தாராளமாகப் போய் வரலாம்.

போனதற்குக் காரணம் சுசீலா. நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் எனக்கு அடுத்த மேஜை. சொந்த ஊர் ஜார்கண்டில் சிம்டேகா பக்கம் ஒரு கிராமம். அவளுடைய தங்கை அல்பீனா நான்கு வருடமாகக் காரிமங்கலத்துக்கு வெளியே ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்கிறாள். அங்கிருக்கும் ஜார்கண்ட் பெண்கள் சேர்ந்து ஓர் அணி வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கிராமமான சவேரியார்பட்டியில் கிறிஸ்தவக் கோயில் திருவிழாவை ஒட்டி முதன்முறையாகப் பெண்களுக்கும் போட்டி வைத்தார்கள். இவர்கள் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள். சுசீலாவுக்கு அன்று டூட்டி. "நீங்கதான் பந்துன்னா எங்க வேணா போவீங்களேக்கா. போய் வீடியோ எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. நான் பிறந்தது கோலார் தங்கவயலில். சுரங்க லைன் வீடுகளில் பிள்ளைகள் நடப்பதற்கு முன்பே பந்தை உதைப்பார்கள். என் அப்பாவின் அணி வெளியூர் போனால் கர்நாடகத்தில் "தமிழ் டீம்" என்றும், எல்லையைத் தாண்டி வேலூர், சேலம் பக்கம் வந்தால் "கன்னடக்கார டீம்" என்றும் மைக்கில் சொல்வார்களாம். அப்பா இதை வேடிக்கையாகத்தான் சொல்வார். ஆனால் பல தடவை சொன்னார்.

காலை 8.05க்கு ஓசூரில் சேலம் பேருந்தில் ஏறினேன். காரிமங்கலம் சுமார் 75 கிலோமீட்டர், டிக்கெட் 72 ரூபாய். ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல வண்டிகள் ஊருக்குள் போகாமல் பைபாஸிலேயே இறக்கிவிடும். எனக்கும் அதுதான் நடந்தது. 9.50க்கு இறங்கி, ஒரு கிலோமீட்டர் நடந்து ஊருக்குள் வந்து, பேருந்து நிலையத்துக்கு எதிரே நான்கு இட்லி சாப்பிட்டேன். அங்கிருந்து பெண்கள் விடுதிக்கு நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 80 ரூபாய்.

ஆட்டோக்காரர் முருகேசனுக்கு இடம் உடனே புரிந்துவிட்டது. "இந்திக்காரப் புள்ளைங்க ஹாஸ்டலுங்களா?"

"ஆமாங்க. இன்னிக்கு அவங்களுக்கு மேட்ச். நீங்க வரலையா?"

"நான் எதுக்குங்க? நம்ம ஊரு டீமே இல்லீங்களே. பாப்பாரப்பட்டிக்காரங்களும் இவங்களும்தான ஆடறாங்க."

மேட்டுநிலம், மாமரங்கள், சொட்டுநீர்க் குழாய் ஓடும் தக்காளித் தோட்டங்கள் என்று சாலை போயிற்று. விடுதி வாசலில் அல்பீனா நின்றிருந்தாள். இருபத்து மூன்று வயது, குள்ளம், கணுக்காலில் பழைய தழும்பு. நான் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ஆரம்பித்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

"தமிழ்லயே பேசுங்கக்கா. எங்க வூட்ல இந்தி கிடையாது. கரியான்னு ஒரு பாஷை. இந்திய நான் ஸ்கூல்லதான் படிச்சேன். தமிழ மெஷின்ல உக்காந்து படிச்சேன்."

வூடு என்று அவள் சொன்ன விதம் அசல் தருமபுரி. விடுதியில் சோறும் பருப்பும் அவர்களோடு சாப்பிட்டேன். அவள் ஊரில் அறுவடை முடிந்த வயலில் பெண்கள் வெறுங்காலோடு ஆடுவார்களாம். ஜெயித்தால் பரிசு ஒரு வெள்ளாட்டுக் கிடா. அதை அன்றைக்கே சமைத்துத் தோற்ற அணிக்கும் போடுவார்களாம். இங்கே வந்த பிறகு ஒன்றரை வருடம் பந்தையே தொடவில்லை. ஞாயிறு பூசைக்குச் சவேரியார்பட்டிக் கோயிலுக்குப் போனபோது மைதானத்தைப் பார்த்தாள். போட்டிக் குழுத் தலைவர் அருள்தாஸ், தக்காளி விவசாயி, "ஆடத் தெரியுமாம்மா?" என்று அவராகவே கேட்டு, தன் கையாலேயே அணியைப் பதிந்துகொண்டார்.

விடுதியிலிருந்து மைதானம் மூன்று கிலோமீட்டர். 2.40க்கு டவுன் பஸ் வந்தது; பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இறங்கியதும் போட்டிக் குழுவின் மேஜையைச் சுற்றிக் கூட்டம் நிற்பது தெரிந்தது. எதிரணி ஊரிலிருந்து வந்திருந்த, தோளில் பச்சைத் துண்டு போட்ட ஒருவர் நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"தருமபுரி மாவட்ட அணிகள் மட்டும்னு நீங்களே அடிச்சிருக்கறீங்க. இந்தப் புள்ளைங்க ஆதார எடுத்துப் பாருங்க. எல்லாம் ஜார்கண்டு. அப்பறம் எப்படிங்க மாவட்ட அணி?"

அருள்தாஸ் வியர்த்திருந்தார். "போன வாரம் ரெண்டு ஆட்டம் ஆடுனாங்க. அப்ப யாரும் கேக்கலீங்களே."

"போன வாரம் எங்களோட ஆடலீங்க."

அல்பீனாவின் அணியில் ஏழு பேரும் வரிசையாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். விங்கில் ஆடும் சுமி, எல்லோரிலும் சின்னவள், ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டாள். ஆட்டம் இல்லை என்று அவளே முடிவு செய்துவிட்டாள். அப்பாவின் சிரிப்பு ஞாபகம் வந்தது.

அதற்குள் அறிவிப்பாளர், கூட்டத்தைச் சமாளிக்க நினைத்தோ என்னவோ, மைக்கில், "வடநாட்டு அணி வீராங்கனைகள் மேஜைக்கு வரவும்" என்றார்.

அல்பீனா நேராக மேஜைக்குப் போனாள். "அண்ணா, நாங்க வடநாடு இல்லீங்க."

மைக் திறந்தே இருந்தது. மைதானம் முழுக்கக் கேட்டது.

"ஆதார்ல ஜார்கண்டுதாங்க. அது பொறந்த வூடு, அதை நான் மாத்தமாட்டேன். ஆனா நாலு வருசமா நான் சோறு திங்கறது இங்க. பூசை பாக்கறது இந்தக் கோயில்ல. காய்ச்சல் வந்தா காரிமங்கலம் ஆஸ்பத்திரி. இங்க இல்லீன்னா நான் எந்த மாவட்டங்க? நீங்களே சொல்லுங்க."

துண்டுக்காரர் வாய் திறக்குமுன் எதிரணித் தலைவி லாவண்யா வந்து பக்கத்தில் நின்றாள். கல்லூரியில் படிக்கிறவள், உயரமாக இருந்தாள். "மாமா, அந்த நோட்டீஸைக் கொடுங்க" என்று வாங்கிக்கொண்டாள். துண்டுக்காரர் அவளுக்குத் தாய்மாமன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"எங்க வூட்லயும் தமிழ் பேசறதில்ல. கன்னடந்தான். நீங்களும் அதான பேசறீங்க மாமா? நாளைக்கு ஒருத்தன் வந்து, கன்னடம் பேசறவ மாவட்ட டீம்ல ஆடக்கூடாதுன்னு சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா?"

"அது வேற, இது வேற."

"என்னா வேற? ஆடாம கப்ப வாங்கிட்டுப் போயி எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு ஊருக்குள்ள நடக்கறது? நாங்க ஆடறோம்."

அருள்தாஸ் நிமிர்ந்தார். "அணி மாவட்டத்துலதான் இருக்குது, பதிஞ்சவன் நானு. ஆட்டம் நடக்கும்" என்றார். பிறகு அல்பீனாவிடம், "பேரு என்னான்னு சொல்லட்டும்மா?" என்று கேட்டார்.

அவள் தன் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "காரிமங்கலம்னு சொல்லுங்க" என்றாள்.

"காரிமங்கலம் அணி மைதானத்துக்கு வரவும்!"

முதலில் சிரிப்புதான் எழுந்தது. பிறகு வேப்பமரத்தடியிலிருந்து ஒரு விசில், இன்னொன்று, அப்புறம் கைதட்டல். அதுவரை ஓரத்தில் நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த காரிமங்கலத்துக்காரர்களுக்குத் திடீரென்று இறுதி ஆட்டத்தில் ஓர் அணி கிடைத்துவிட்டது. சவாரி இறக்க வந்த ஆட்டோ முருகேசன் செல்போனில் யாரிடமோ கத்தினார்: "டேய், நம்ம ஊரு ஃபைனல்ல ஆடுதுடா. சீக்கிரம் வா!"

ஆட்டம் 3.50க்குத் தொடங்கியது. அணிக்கு ஏழு பேர், பாதிக்கு இருபத்தைந்து நிமிடம். மைதானம் கோயில் பக்கம் மேடு, சாலைப் பக்கம் பள்ளம். முதல் பாதியில் நம்மவர்கள் மேட்டை நோக்கி ஆட வேண்டியிருந்தது. ஆமாம், நானும் அதற்குள் நம்மவர்கள் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஒன்பதாவது நிமிடம் லாவண்யா தூரத்திலிருந்து அடித்த பந்து கோல்கீப்பருக்கு முன் தரையில் குத்தி எகிறி உள்ளே போனது. நல்ல அடி. பாதி முடிவில் ஒன்றுக்குப் பூஜ்யம்.

இடைவேளையில் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். அல்பீனா பள்ளத்தைக் கையால் காட்டிக் கரியாவில் ஏதோ சொன்னாள். சுமி முதல்முறையாகச் சிரித்தாள்.

இரண்டாம் பாதியில் சுமியை யாராலும் பிடிக்க முடியவில்லை. இப்போது பள்ளம் நம் பக்கம்; பந்து உருண்டு ஓட, அவள் அதைவிட வேகமாக ஓடினாள். முப்பத்து நான்காவது நிமிடம் அவள் ஓரத்திலிருந்து தூக்கிப் போட்டதை அல்பீனா, அந்தக் குள்ளமான பெண், இரண்டு பேருக்கு நடுவே எழும்பித் தலையால் முட்டினாள். ஒன்றுக்கு ஒன்று. "காரிமங்கலம்! காரிமங்கலம்!" என்று மரத்தடி அதிர்ந்தது.

கடைசி இரண்டு நிமிடம். நம் கோல்கீப்பர் பந்தைப் பிடித்து நீளமாக வீசினாள். சுமி தனியாக ஓடினாள். எதிர் கோல்கீப்பர் முன்னால் வந்து விழுந்தாள். சுமி அடிக்கவில்லை, பந்தைப் பாதத்தால் பின்னுக்கு இழுத்து நிறுத்தினாள். பின்னால் வந்த அல்பீனா அதை உதைத்த சத்தம் எனக்குக் கேட்டது. வலை பின்னால் பிதுங்கியது. "ஆப்சைடு! ஆப்சைடு!" என்று துண்டுக்காரர் ஓடி வந்தார். "ஏழு பேர் ஆட்டத்துல ஆப்சைடு வெக்கலீங்க" என்று நடுவர் சொன்னபோது அவர் பக்கத்து ஆட்களே சிரித்துவிட்டார்கள்.

இரண்டுக்கு ஒன்று. கடைசி விசில் அடித்ததும் ஊர் உள்ளே ஓடியது. முருகேசன் சுமியைத் தோளில் தூக்கிவிட்டார். என் வீடியோவில் அதன் பிறகு வானமும் யாரோ ஒருவருடைய காதும்தான் இருக்கின்றன. சுசீலா இன்னும் மன்னிக்கவில்லை. லாவண்யா வந்து அல்பீனாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், தோற்ற அழுகைதான். அல்பீனாவும் அழுதாள்.

கோப்பை கொடுத்து முடித்ததும் துண்டுக்காரர் அல்பீனாவிடம் வந்தார். நான் பயந்துபோய் அருகில் போனேன். அவர் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, எங்க ஊர்ப் பக்கத்துலயும் கார்மென்ட்ஸ் இருக்குது. அடுத்த வருசம் எங்களுக்கு ஆடறியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நான் காரிமங்கலம்" என்றாள் அவள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். இந்த அணி ஞாயிறு காலை ஏழரை மணிப் பூசை முடிந்ததும், ஒன்பது மணி முதல் அதே மைதானத்தில் பயிற்சி எடுக்கிறது. யாரும் பார்க்கலாம். கடையெல்லாம் இல்லை, தண்ணீர் எடுத்துப் போங்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். பெங்களூர் திரும்ப, பைபாஸில் நின்று கைகாட்டுவதைவிடக் காரிமங்கலம் நிலையத்திலிருந்து கிருஷ்ணகிரி போய் மாறுவது நிச்சயம். 25 கிலோமீட்டர், நாற்பது நிமிடம். ஒரு நாளில் எனக்கு ஆன மொத்தச் செலவு 390 ரூபாய்.

விடுதிக் கதவு ஏழு மணிக்கு மூடிவிடும் என்றாலும், அல்பீனாவும் சுமியும் என்னை வழியனுப்பப் பேருந்து நிலையம் வரை வந்தார்கள். கோப்பை அல்பீனாவின் கக்கத்தில் இருந்தது. டீக்கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். 6.10 இருக்கும், அவளுடைய அம்மா சிம்டேகாவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். அல்பீனா கோப்பையைக் காட்டினாள். இருவரும் கரியாவில் வேகவேகமாகப் பேசினார்கள். எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை "தமிழ்நாடு". அது இரண்டு தடவை வந்தது.

"அம்மா என்ன கேக்கறாங்க?" என்றேன்.

"தமிழ்நாட்ட ஜெயிச்சிட்டியான்னு கேக்கறாங்கக்கா."

"நீ என்ன சொன்ன?"

"தமிழ்நாடு எங்க பக்கம்தாம்மா நின்னுச்சு, ஜெயிச்சது பாப்பாரப்பட்டியத்தான்னு சொன்னேன்."