மணலுக்குள் வெந்த ஆடு

ஹவாயிலிருந்து வந்த மூன்றாம் நாள் மாமா பன்றி சுடும் கதையைச் சொன்னார். அங்கே ஹோட்டல் குசினியில் அவருக்குப் பல வருட வேலை. குழி தோண்டி, கல்லை நெருப்பாகக் காயவைத்து, உப்புத் தடவிய முழுப் பன்றியை வாழையிலையால் பொதிந்து மண்ணால் மூடிவிடுவார்களாம். உம்மா காதைப் பொத்திக்கொண்டார். ஆட்டை வைத்துச் செய்து காட்டுகிறேன் என்று மாமா சமாதானப்படுத்தினார்.

ஆனால் எங்கள் வளவில் வேண்டாம், தன் வீட்டில்தான் செய்வேன் என்றார். கல்முனைக்குடிக் கடற்கரையில் அவர் வீடென்று மிஞ்சியிருந்தது ஒரு சீமெந்துத் தரை மட்டும்தான். மற்றதையெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே சுனாமி கொண்டுபோய்விட்டது, மாமியையும் சேர்த்து. மாமியின் மய்யித்துக் கிடைக்கவேயில்லை. அன்று மாமா ஹவாயில் இருந்தார்.

ஒரு சனிக்கிழமை சுபஹு தொழுத கையோடு, தரையை ஒட்டிய மணலில் தோண்டத் தொடங்கினார். முழங்கால் ஆழம் போதும் என்று சொன்னவர் அவர்தான். குழி இடுப்பளவு வந்தது, நெஞ்சளவு வந்தது, அவர் நிறுத்தவில்லை. நீளமாக, ஒடுக்கமாக, ஓர் ஆள் படுக்கும் அளவில் அது வளர்ந்தது. வெட்டிப் போட்ட மணலைக் கையால் அளைந்து அளைந்து பார்த்தார். காணும் மச்சான், ஏறி வாங்க என்று வாப்பா இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். அடியில் உப்புத்தண்ணீர் ஊறிய பிறகுதான் மாமா ஏறி வந்தார். பாதிக் குழியை வாப்பா திரும்பவும் மூட வேண்டியிருந்தது.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. பழுத்த கல், இலை, ஆடு, மேலே நனைத்த வெள்ளைச் சீலை, மணல். சீலை விரிக்கும்போது கடற்கரைப் பக்கமாக வந்த ஒருவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, யாருடைய மய்யித்து என்று மெதுவாக விசாரித்தார். யாரும் சிரிக்கவில்லை.

லுஹர் தொழுகைக்குப் பெரியவர்கள் போனதும் மாமாவும் நானும் காவல். நாங்கள் தோண்டாத இடங்களிலிருந்தும் புகை கசிந்தது. மாமா குப்புறப் படுத்து மணலில் காதை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். மணல் காய்ச்சல்காரரின் உடம்புபோலச் சுட்டது. முதலில் கல் வெடிக்கும் சத்தம். அதற்கும் கீழே, வாய் நிறையத் தண்ணீரோடு யாரோ மூச்சு விடுவதுபோல ஒன்று.

"கேக்குதா மகள்?"

"ஓம்."

"என்ன செல்லுது?"

எனக்கு ஒன்பது வயது. விளையாட்டென்று நினைத்தேன். பசியும் இருந்தது.

"வெளிய எடுங்க எண்டு செல்லுது."

மாமா வெறுங்கையால் மணலைக் கிளறத் தொடங்கினார். ஆவி முகத்தில் அடித்தது. கை கல்லில் பட்டுத் தோல் உரிந்தபோதும் நிறுத்தவில்லை. நான் கத்திய கத்தலில், தொழுதுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த வாப்பா ஓடிவந்து அவரை இடுப்பில் பிடித்து இழுத்தார். அரைவேக்காட்டு ஆட்டை உம்மா வீட்டில் சட்டியில் போட்டு அவித்தெடுத்தார். மாமாவைத் தவிர எல்லோரும் சாப்பிட்டோம்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மாமா, இரண்டு கைகளிலும் மருந்துத் துணி சுற்றியபடி, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். உம்மாவுக்குக் கேட்காத குரலில் கதைத்தார்.

"அது பொம்புளக் குரலா, மகள்?"

இல்லை என்றால் அழுதுவிடுவார் போலிருந்தது. ஓம் என்றேன்.

அவர் ஹவாய்க்குத் திரும்பவேயில்லை. அந்தச் சீமெந்துத் தரையில் தகரக் கொட்டிலொன்று அடித்துக்கொண்டு தனியே இருந்துவிட்டார். மாமா ஊரோடு தங்கியது என்னால்தான் என்று, அந்த வருடம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.