அம்மாவின் டார்ச்சுக்கு இரண்டு பேட்டரி

அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று பாக்கி. விடியற்காலையில் சொசைட்டி பால் வண்டி வருவதற்குள் அவள் கட்டுத்தறிக்குப் போய்ச் செவலை மாட்டைக் கறந்தாக வேண்டும். நடுவில் ஒரு வாய்க்கால், அதன்மேல் ஒரு கல்பலகை. போன மாதம் இருட்டில் அந்தப் பலகையிலிருந்து கால் விலகி விழுந்துவிட்டாள். நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. போர்வெல் ரிக் வண்டி ஓட்டும் என் அண்ணன் அன்றைக்கே முடிவுகட்டிவிட்டார்: மாட்டை விற்றுவிட வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை வியாபாரியை வரச் சொல்லியும் ஆயிற்று. அம்மா பாட்டுக்குச் செவலைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

எனக்குத்தான் ஆத்திரம். "ஒரு நல்ல டார்ச்சு குடுக்கத் தோணல, மாட்ட விக்கறீங்களாக்கும்?" என்று சேலத்திலிருந்து போனிலேயே கத்தினேன்.

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. சத்தீஸ்கர் பக்கம் போர் போடப் போனபோது வாங்கிய பெரிய டார்ச்சு ஒன்று அவரிடம் இருந்தது. அதற்குள் சார்ஜ் ஏற்றிப் போடும் பேட்டரி ஒன்று. கட்டைவிரல் பருமன்தான், ஆனால் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்று மேலே போன் நம்பர் மாதிரி பெரிய எண்.

"இத வெச்சு அம்மாவுக்கு வழி தெரிஞ்சாச் செவலை இருக்கும். இல்லாட்டி ஞாயித்துக்கிழம போயிரும்" என்று அதைப் படம் பிடித்துப் போனில் அனுப்பினார்.

நான் விடுவேனா? அதே அளவில் நல்ல பேட்டரி ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கிக்கொண்டு சனிக்கிழமை ராசிபுரம் பஸ் ஏறினேன். என்னுடையதில் எண் சிறியது, கையில் எடுத்தால் கனம். அண்ணனுடையது பொரி உருண்டை கனம்கூட இல்லை.

எங்கள் பக்கத்தில் டார்ச்சைச் சோதிக்க ஒரே ஒரு முறைதான் உண்டு: வெளிச்சம் எதுவரை போகிறது? பொழுது இறங்கியதும் வாசலில் நின்றோம். அண்ணனின் பேட்டரி ஒரு நிமிஷம் பளிச்சென்று எரிந்து, பிறகு சோர்ந்துபோய் வேப்பமரத்தோடு நின்றுகொண்டது. என்னுடையதைப் போட்டதும் சோளக்காட்டைத் தாண்டி, கோழிப்பண்ணைத் தண்ணீர்த்தொட்டியைத் தாண்டி, கடைசித் தென்னையில் குலையே தெரிந்தது. பண்ணைக் காவல்காரர், "யாருங்க அது?" என்று சத்தம் போட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"உங்க பேட்டரில நம்பர் எத்தாப் பெருசா இருக்குது பாருங்ணா. அதப் படிச்சுக்கிட்டே கறக்கச் சொல்லலாம்."

"இரு அம்மிணி, விடியட்டும்" என்றார். பிறகு தம் பேட்டரியை மறுபடி போட்டு வைத்தார். நாங்கள் சோறு தின்று முடித்தும் அது அப்படியே மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. நான் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

விடியற்காலை என் பேட்டரியோடு மூன்று பேரும் கிளம்பினோம். ஈரக் கல்லில் வெளிச்சம் பட்டுத் தெறித்ததும் அம்மா கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டாள். நான்தான் பிடித்துத் தாண்டவைத்தேன். கட்டுத்தறியில் டார்ச்சைக் கம்பத்தில் மாட்டியதும் செவலை மிரண்டு, பாலை அடக்கிக்கொண்டது. வெளிச்சத்தைக் குறைக்கலாம் என்று பொத்தானை அமுக்கினேன். அது ஆம்புலன்ஸ் மாதிரி வெட்டி வெட்டி எரிய ஆரம்பித்தது. மாடு கம்பத்தைச் சுற்றியது, பால் கறக்கும் போசி சாணியில் உருண்டது, அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏஞ்சாமி, கடைசித் தென்னைல எனக்கென்ன சோலி?" என்றாள் அம்மா. "எனக்குத் தெரிய வேண்டியது அந்தக் கல்லும் இந்த மாடும்தான்."

அண்ணன் தம் பேட்டரியை மாற்றிப் போட்டார். அம்மா டார்ச்சை வாங்கித் தரையைப் பார்த்துப் பிடித்தாள். "வேற போசி எடுத்தாரேன். ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க."

தனியாகப் போனாள். அந்த மங்கல் வெளிச்சம் அவள் காலடியைவிட்டு நகரவில்லை. பலகைக்கு முன்னால் சற்று நின்றது. வெளிச்சம் தாண்டியது, வீட்டுக்குள் போயிற்று, போசியோடு திரும்பி வந்து மறுபடியும் தாண்டியது. கொஞ்ச நேரத்தில் போசிக்குள் பால் விழும் சத்தம் கேட்டது. தோற்றுப்போனதில் இத்தனை சந்தோஷம் எனக்கு வந்ததே இல்லை.

விடிந்ததும் அண்ணன் வியாபாரிக்குப் போன் போட்டார். "ஏனுங்க, மாடு குடுக்கறதில்லீங்க. வெலைக்காக இல்லீங்க, எங்கம்மா கறக்குதுங்க."

அம்மா செவலையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அழுகிறாளோ என்று பக்கத்தில் போனேன். கண் ஈரம்தான், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கிப் போற மாடுதானேன்னு புண்ணாக்கு வாங்காமயே உட்டுட்டேன்" என்றாள். "பஸ்ஸேறறதுக்குள்ள ஒரு மூட்ட வாங்கியாந்து போட்டுட்டுப் போ, கண்ணு."