முன்பாரம்

நாங்கள் குடியேறிய வெளிநாட்டில், ரானுயி என்ற ஊர்ப் பக்கம் என் மகள் குதிரையேற்றம் கற்கும் பண்ணையில் ஈரப் புல் வாசனை அடித்தது. சின்ன வயதில் பழனியில் ஏறிய ஜட்கா வண்டிக்குள் பரப்பியிருந்த புல்லின் அதே வாசனை. வண்டிக்காரர் என்னை முன்னால் உட்காரவைத்துக் கடிவாள வாரைக் கையில் கொடுத்தார். நானே ஓட்டுவதாக நம்பினேன்.

"நீ எங்கடா ஓட்டுற? பின்பாரம் அதிகமாயிருச்சுன்னு உன்ன முன்னாடி வெச்சிருக்கார். குதிரைக்கு வழி தெரியும்," என்று அக்கா சிரித்தாள்.

அதனால், ஆறு வயது நிலா தனியாக ஓட்டத் தேறிவிட்டாள் என்று டீச்சர் சொன்னதை நான் நம்பவில்லை. வேலியோரம் நின்று குதிரையின் கால்களையே கவனித்தேன்.

"நிலா, நீதான் ஓட்டுறியா? இல்ல, டீச்சர் பின்னாடி அதுவா போகுதா?"

"நோ அப்பா. டீச்சர் உங்க பக்கத்துல நிக்கிறாங்க," என்றாள், குதிரையைத் திருப்பிக்கொண்டே.

பார்த்தேன். நின்றிருந்தார். வேலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.