அரை மாத்திரைக்குக் கீழே

மெழுகு சீவும் சிறு கத்தி வெள்ளைத் துண்டின் விளிம்பில் ஒரு முறை இழுபடுகிறது. கண்ணாடித் தகட்டின் மேல் மாவு போல் ஏதோ உதிர்கிறது. இடது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் துண்டைத் திருப்பிக் கொடுக்க, கத்தி மறுபடியும் இழுபடுகிறது. பிறகு தடிமன் பார்க்கும் கருவியின் வாயில் அதை வைத்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, இன்னும் ஒரே ஒரு சீவல். ஜன்னல் வழியே பார்க்கிறவர்கள் ஏதோ பல்லுக்கு வடிவம் கொடுக்கிறார் என்று நினைப்பார்கள். அப்படி நினைக்கட்டும் என்றுதான் காலை நேரத்தில் பட்டறை மேஜையில் உட்கார்ந்து இதைச் செய்கிறார். சீவப்படுவது அன்று இரவுக்கான தூக்க மாத்திரை. உதிர்ந்த மாவை ஈரத்துணியால் துடைத்து, துணியைக் குழாயடியில் அலசி முடிக்கும் வரை எழுந்திருக்க மாட்டார். சீவத் தொடங்கிய முதல் மாதத்தில் ஒரு நாள் அந்த மாவை விரலால் தொட்டு நக்கியிருக்கிறார். அதைக் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

தெருவில் அவருக்குப் பல்லக்கா என்று பெயர். பல் செட் கட்டுவது தொழில். ஐம்பத்து மூன்று வயது. அதில் இருபத்தாறு வருடம் மற்றவர்களின் வாயைப் பற்றிய கவலையிலேயே போயிருக்கிறது. படித்துக் கற்ற வேலை இல்லை. ஒரு பல் பட்டறையில் மாவு அச்சுகளைக் கழுவிவைக்கும் வேலைக்குப் போனவர், கழுவும்போது ஒவ்வொரு அச்சையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படிப் பார்த்தே கற்றுக்கொண்டார். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் அவருக்கு நினைவில் நிற்காது, கடைவாய் நிற்கும். "அவளா? மேல்வரிசை முன்ன வந்து, கீழுதட்டைக் கடிச்சுக்கிட்டே பேசுவாளே?" என்றுதான் ஆளை அடையாளம் சொல்வார். பளீர் வெள்ளையில் பல் கேட்டு வருகிறவர்களைக் கண்டால் ஆகாது. "பல்லுன்னா வாய்க்குள்ள பொறந்த மாதிரி இருக்கணும். குளியலறை டைல்ஸ் மாதிரி மின்னக் கூடாது" என்பார்.

இப்படிப்பட்டவர் மருந்துக் கடைக்குப் போகும்போது மட்டும் வேறு ஆளாகிவிடுவார். தெருமுனையில் கடை இருக்க, நாலு தெரு தள்ளிப் போவார். கூட்டம் கலையும் வரை சோப்பு விளம்பரங்களைப் படித்துக்கொண்டு நிற்பார். சீட்டை மடித்தபடியே நீட்டுவார். கூடவே ஒரு தைலப் புட்டியும் வாங்குவார், தைலத்துக்காகத்தான் வந்ததுபோல. வீட்டு அலமாரியில் திறக்காத தைலப் புட்டிகள் ஒரு வரிசை நிற்கின்றன. "இன்னும் கொஞ்சம் சேந்தா நாமளே ஒரு கடை போட்டுடலாம்" என்று கணவர் சொல்லியிருக்கிறார்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு அறுவைச் சிகிச்சை. வலி போன பிறகும் தூக்கம் திரும்பவில்லை. பதினைந்து நாளைக்கு என்று எழுதிக் கொடுத்தார் ஒரு டாக்டர். அவர் ஊர் மாறிப் போனார்; சீட்டு மட்டும் போகவில்லை. அடுத்து வந்தவர் பழைய சீட்டைப் பார்த்து எழுதினார், அதற்கடுத்தவர் அதைப் பார்த்து எழுதினார். கதை அவ்வளவுதான். அதுதான் பல்லக்காவுக்குப் பெரிய அவமானம். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், கட்டியவன் விட்டுப் போனவர்கள் விழுங்கினால் ஊர் உச்சுக் கொட்டும். "எனக்கு என்ன கேடு? வேளாவேளைக்குச் சோறு, கையில தொழில், அடிக்காத புருஷன். எதுக்குடி தின்னேன்னு யாராச்சும் கேட்டா என்ன சொல்றது?"

கேட்டுவிடக் கூடாது என்பதற்காக வீட்டில் அதற்குச் சத்து மாத்திரை என்று பெயர் வைத்திருந்தார். ஒரு முறை தங்க வந்த நாத்தனார், "எனக்கும் ஒண்ணு குடு அண்ணி, நீ மட்டும் தெம்பா இருந்தா போதுமா?" என்று கையை நீட்டிவிட்டார். பல்லக்கா வெலவெலத்துப் போய், சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்துச் சமாளித்தார். அடுத்த மாதமே நாத்தனாரிடமிருந்து போன். "அண்ணி, அது என்ன மாத்திரை? முட்டி வலி பறந்துபோச்சு!" போனில் அவர் சிரித்த சிரிப்புக்கு இவரும் சேர்ந்து சிரிக்க வேண்டியிருந்தது.

போன வருடம் புதிதாக வந்த பெண் டாக்டர்தான் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "இத இத்தனை வருஷமா எடுக்குறீங்களா?" என்று கேட்டார். பல்லக்காவுக்குக் கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல் உடம்பு கூசிப்போயிற்று. "நான் என்ன குடிகாரியா டாக்டர்?" என்றார். "யாரும்மா அப்படிச் சொன்னா? எழுதிக் குடுத்தது நாங்க, நீங்க சாப்பிட்டீங்க. மெதுவா கொறைச்சிடலாம். ஆனா பட்டுன்னு நிறுத்திடாதீங்க." டாக்டர் சொன்னதில் முதல் பாதி காதில் ஏறியது, பின்பாதி ஏறவில்லை. வீட்டுக்கு வந்து மாத்திரையை அட்டையோடு குப்பையில் போட்டார். மூன்றாம் நாள் கை கால் இழுத்துக்கொண்டு, கணவர் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று. விசாரிக்க வந்தவர்களிடம் வெயில் மயக்கம் என்றார். அன்று காலையிலிருந்து மழை பெய்துகொண்டிருந்தது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு உலகத்தில் எல்லாமே ஏறுவதும் இறங்குவதும்தான். "மாடி மாடியா எறங்கணும்டி. கயித்த அறுத்துவிட்டா அதுக்குப் பேரு எறங்குறது இல்ல" என்றார். அன்றிலிருந்து அது அவர்களுக்குள் ஒரு பாஷை. டாக்டர் எழுதித் தந்த அட்டவணைப்படி முழுசு முக்கால் ஆகி, முக்கால் அரை ஆகப் பத்து மாதம் பிடித்தது. "இன்னிக்கு எந்த மாடி?" என்று சாப்பிடும்போது கேட்பார். அரைக்குக் கீழேதான் படி சின்னதாகி, கத்தி தேவைப்பட்டது. அங்கேதான் கையும் நடுங்க ஆரம்பித்தது. பல்லைத் தேய்க்கும் மோட்டாரின் சத்தம் மண்டைக்குள் ஆணி இறக்கியது. உள்ளங்கை வேர்த்து மெழுகு வழுக்கியது.

அப்படி ஒரு மத்தியானம் கட்டிய செட்தான் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிறவருடையது.

முன்பற்கள் ஆறும் ஒரு மெழுகுப் பட்டையில், வாயில் இருக்க வேண்டிய வரிசையிலேயே பதிந்து வரும். ஒவ்வொன்றாக எடுத்து இடம் மாறாமல் வைக்க வேண்டும். இரண்டு பல் அவர் விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தன. குனிந்து எடுத்து, துடைத்து, வைத்தார். மெழுகில் நிறுத்திய செட்டை, பட்டறைக்கு வேலை அனுப்பும் பல் டாக்டரம்மா ஏலக்காரரின் வாயில் பொருத்திப் பார்த்தார். அவருக்குக் குறை தெரியவில்லை. ஏலக்காரர் கண்ணாடியில் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. செட் வெந்து கெட்டியாகி, மெருகேறி, வாய்க்குள் போய்விட்டது.

மூன்று வாரம் கழித்துச் சந்தைக்குப் போனபோது, தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்றிருந்த ஏலக்காரர் கூவுவதை நிறுத்திவிட்டு இவரைக் கைகாட்டினார். "இதோ வந்துட்டாங்க நம்ம பல்லக்கா! எல்லாரும் பாத்துக்குங்கய்யா, இவங்க கைவேலை! என் பொண்டாட்டியே திரும்பிப் பாக்குறா!" சொல்லிவிட்டு வாயை அகலமாகத் திறந்து காட்டினார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

முன்னால் இருக்கும் இரண்டு பெரிய பற்களுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு சின்னப் பல் உண்டு. அதன் வெளி முனை உருண்டிருக்கும், உள் முனை நேராக இருக்கும். ஏலக்காரர் வாயில் இரண்டும் இடம் மாறி, உருண்ட முனைகள் நடுவைப் பார்த்து நின்றன. இடதில் வலது, வலதில் இடது. ஆயிரம் பேர் பார்த்தாலும் தெரியாது. பல்லக்காவுக்கு, சேலையைத் திருப்பிக் கட்டிக்கொண்டு தானே சந்தை நடுவில் நிற்பதுபோல் இருந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் வாங்க வந்ததை வாங்காமலே திரும்பிவிட்டார்.

வீட்டில் மாத்திரை அட்டையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். வழி கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. மெருகு குறைவாக இருக்கிறது என்று சொல்லிச் செட்டை வாங்க வேண்டும். முழு மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டால் கை கல் மாதிரி நிற்கும். அந்த இரண்டு பல்லையும் அறுத்தெடுத்து மாற்றி ஒட்டிவிடலாம். ஒரு மணி நேர வேலை. ஒட்டு இருப்பது ஈக்குக்கூடத் தெரியாது. அட்டையின் தகட்டை நகத்தால் கிழிக்கப் போனவர், அதைக் கணவரின் ஸ்க்ரூ டிரைவர் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கிளம்பும்போதும் நாக்கு நுனியில் மெருகுப் பொய்தான் இருந்தது.

பல் டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "என்னக்கா, இந்நேரத்துல?"

"ஏலக்காரர் செட்டுல தப்பு பண்ணிட்டேன் டாக்டரம்மா. பக்கப் பல்லு ரெண்டும் மாறிக் கெடக்கு."

"எனக்கே தெரியலையேக்கா! அவரும் ஆஹா ஓஹோன்னாரு. விடுங்க."

"உங்களுக்குத் தெரியலன்னுதான் எனக்குப் பயமா இருக்கு."

பிறகு மாத்திரைக் கதை வந்தது. தலை நிமிராமல், கையுறைகள் விழுந்த கூடையைப் பார்த்தபடியே சொன்னார். டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். முடிந்ததும், "வாயில வச்சுப் பாத்தது நான். அதுல பாதி என் தப்பு" என்றார். கொஞ்சம் தயங்கி, "ஒண்ணு கேக்கட்டுமாக்கா? நீங்க இத முடிக்கிற வரைக்கும் வேலையை வேற பட்டறைக்கு அனுப்பட்டுமா?" என்றும் கேட்டார். நல்ல மனதோடு கேட்டதுதான். பல்லக்காவின் காதெல்லாம் சூடாகிவிட்டது. பட்டறைக்கு வரும் வேலையில் முக்கால் பங்கு இந்த டாக்டரம்மாவிடமிருந்துதான் வருகிறது.

"இந்தச் செட்டைப் புதுசா கட்டித் தரேன். பாத்துட்டு நீங்களே சொல்லுங்க. அதுவரைக்கும் வேற எதுவும் எனக்கு அனுப்பாதீங்க."

ஏலக்காரரை வரச்சொல்லி, காரணத்தைப் பிறகு சொல்கிறோம் என்று மறுபடியும் அளவெடுத்தார்கள். மாத்திரையைக் குறைக்கச் சொன்ன டாக்டரோ, "ரெண்டு வாரம் அதே அளவுல நில்லுங்க. எறங்கவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம்" என்றார். ஒன்றரை நாளில் முடியும் வேலைக்கு ஆறு நாள் ஆயிற்று. காலை வெளிச்சத்தில் மட்டும் உட்கார்ந்தார். இரண்டு முழங்கையும் மேஜையில் ஊன்றி, சுண்டுவிரலை அச்சின் விளிம்பில் முட்டுக்கொடுத்து, நடுக்கம் வரும்போது கத்தியைக் கீழே வைத்து, அது போன பிறகு எடுத்தார். ஒவ்வொரு பல்லின் முதுகிலும் பென்சிலால் இடம், வலம் என்று குறித்துக்கொண்டார், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் செய்ததுபோல. அப்படிக் குறிப்பதே வெட்கமாக இருந்தது. ஆனாலும் குறித்தார். ஒரு நாள் முழுக்க ஒரே ஒரு பல்தான் நின்றது. அன்று மாலை கணவர் உள்ளே எட்டிப் பார்த்து, எந்த மாடி என்று கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஏழாம் நாள் டாக்டரம்மாவின் அறையில் ஏலக்காரர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். டாக்டரம்மா புதுச் செட்டை விளக்கின் கீழ் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். இந்த முறை அவசரப்படவில்லை. பார்த்து முடித்ததும் அலமாரியைத் திறந்து, வேறொரு நோயாளியின் அச்சை எடுத்துப் பல்லக்காவின் பைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு செட்டைப் பெட்டியில் இட்டுப் பல்லக்காவிடமே திருப்பித் தந்து, "நீங்களே குடுங்கக்கா" என்றார்.

"நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்கு இன்னொண்ணு?" என்றார் ஏலக்காரர்.

"பல்ல மாத்தி வச்சுட்டேன். இடதுல வலது, வலதுல இடது."

"அடக் கடவுளே! ஒரு மாசமா சந்தை பூரா காட்டிட்டேனேம்மா! அந்த முருங்கைக்காய்க்காரன்கிட்ட பந்தயமே கட்டினேன்!" சிரித்துக்கொண்டிருந்தவர் பெட்டியைப் பார்த்து நிறுத்தினார். "என்னம்மா, கை இப்படி ஆடுது? காய்ச்சலா?"

வெயில் என்று சொல்லலாம். தூக்கம் போதவில்லை, காபி அதிகம் என்று எதையாவது சொல்லலாம். பல்லக்காவுக்கு அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. பழக்கப்படி வாயைப் பார்த்தார்.

"தூக்க மாத்திரை பதினோரு வருஷம் தின்னேன். இப்பக் கொறைக்கிறேன். அதான் ஆடுது."

பெட்டிக்குள் செட் மெல்லக் கிடுகிடுத்தது. நடுக்கத்தைப் பிடித்து நிறுத்த மேலே வந்த இடது கையை, பாதி வழியில் மறித்து, கீழே தொங்கவிட்டார். வலது கையை மட்டும் முழு நீளத்துக்கும் நீட்டினார். ஏலக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து, ஆடிக்கொண்டிருந்த பெட்டிக்குக் கீழே இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி வாங்கிக்கொண்டார்.