பாசிப்பச்சை ஜோடியும் பத்மா ஆன்டியின் மோர்மிளகாயும்

1. மணவறையில் ஓர் ஆட்டம்

என் கணவர் மணியம் ஆடாத மனிதர். கல்யாண வீட்டில் எல்லாரும் பாட்டுக்கு எழுந்து நின்றாலும் இவர் நாற்காலியோடு நாற்காலியாக இருப்பார். அப்படிப்பட்டவர், கிள்ளானில் நடந்த அவர் தங்கை மகளின் கல்யாணத்தில், தாய்மாமன் என்ற முறையில் மணவறையில் நின்றுகொண்டு, மேளம் தொடங்கும் முன்பே ஆட ஆரம்பித்துவிட்டார்.

முதலில் இடது காலைத் தூக்கினார். பிறகு வலது கால். பிறகு பூச்சட்டத்தில் முதுகைத் தேய்த்தார். ஒரு சரம் மல்லிகை உதிர்ந்து விழுந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கேமராக்காரத் தம்பி, "அங்கிள், கொஞ்சம் ஆடாம நில்லுங்க, போட்டோ பிளர் ஆகுது" என்றான்.

நான் மேடை ஓரமாகப் போய் என்னவென்று கேட்டேன்.

"கலா, எரியுது."

"எங்கங்க எரியுது?"

"எங்கன்னு மேடையில வச்சு சொல்ல முடியாது லா."

அவர் உடம்பில் இருந்த வேட்டி, சட்டை, உள்ளாடை எல்லாம் நான் புதிதாக வாங்கிய பழைய டிரையரில் அன்று காலை காய்ந்து வந்தவை. பழைய வாஷிங் மெஷினும் டிரையரும் வாங்கி விற்கும் தொழிலுக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மணியத்திடம் அனுமதி வாங்கவில்லை. கேட்டால் தரமாட்டார்.

2. நாங்கள் வாங்கும் முறை

நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு டோபிக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள். முதலாளி கடையை மூடியபோது, பழைய மெஷின்களை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். நான் எடுத்துக்கொண்டேன். பண்டமாரானில் எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்டு, பழுது பார்த்து, ஒவ்வொன்றாக விற்றேன். அன்று பிடித்த பைத்தியம் இன்றுவரை விடவில்லை.

மெஷினைப் பார்ப்பது, பேசுவது, பழுது பார்ப்பது என் வேலை. லோரி ஓட்டுவதும் தூக்குவதும் மணியத்தின் வேலை. அவரை விலை பேச விடக்கூடாது. விட்டால் விற்கிறவர் கஷ்டத்தைக் கேட்டுக் கண் கலங்கி, நம் வீட்டு மெஷின் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்.

ஒரு பழைய டிரையரைப் பார்க்கப் போனால் டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது. பின் தகட்டைக் கழற்றி ஹீட்டர் கம்பியைப் பாருங்கள். அடிப்பக்கத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் முதலில் சொந்தத் துணியைப் போட்டுச் சோதியுங்கள். எங்கள் வீட்டில் சொந்தத் துணி என்றால் மணியத்தின் துணி. என் சேலைகளைச் சோதனைக்குக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி உண்டு. வீட்டில் ஆம்பளை மட்டும் இருக்கும்போது மெஷின் வாங்காதீர்கள்.

இந்த விதி கம்போங் மேடானில் பிறந்தது. அங்கே ஓர் அண்ணன் சிரித்த முகத்தோடு மெஷினை விற்றார். நாங்களும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். சிக்னலில் நிற்கும்போது பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு பெண், தலையில் துண்டோடு, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தார். அண்ணனின் மனைவி. அவர் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த மனிதர் மெஷினை விற்றிருக்கிறார், உள்ளே ஊறிக்கொண்டிருந்த துணியோடு. நடுரோட்டில் லோரியில் ஏறி, சொட்டச் சொட்ட ஒவ்வொரு துணியாக வெளியே எடுத்தார். கடைசியில், "மெஷினையும் இறக்குங்க" என்றார். இறக்கினோம். பின்னால் நின்ற பஸ்காரர் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது.

3. பிரிக்பீல்ட்ஸ் அங்கிள்

என்னிடம் ஒரு வாஷர் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் செய்தது, பாசிப்பச்சை நிறம், குரோம் கைப்பிடி, வானொலிப் பெட்டி போலத் திருகும் குமிழ். போர்ட் கிள்ளான் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில், நசுக்கப் போகும் குவியலில் கிடந்தது. நான் விற்காத ஒரே மெஷின் அதுதான். அந்தக் கம்பெனி அப்போதெல்லாம் வாஷரையும் டிரையரையும் ஒரே நிறத்தில் ஜோடியாகத்தான் விற்றது. என் வாஷருக்கு ஜோடி இல்லை. பல வருஷமாகத் தேடினேன். மகளுக்கு மாப்பிள்ளை தேடியபோதுகூட இவ்வளவு பேரிடம் விசாரிக்கவில்லை என்று மணியம் சொல்வார். உண்மைதான். மாப்பிள்ளையை அவளே பார்த்துக்கொண்டாள்.

ஒரு நாள் பிரிக்பீல்ட்ஸிலிருந்து போன் வந்தது. தர்மலிங்கம் அங்கிள், ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கொண்டோ அடுக்குமாடியில் இருக்கிறார். ஒரு பழைய டிரையர் இருக்கிறது என்றார். நிறம் என்ன என்று கேட்டேன்.

"பச்சை மா. கொய்யாக்கா மாதிரி."

மணியம் லோரிச் சாவியைத் தேடி எடுப்பதற்குள் நான் லோரியில் உட்கார்ந்திருந்தேன்.

அங்கிள் வீட்டுக்குள் நுழைந்தால் ஒரே சாம்பிராணிப் புகை. சோபா தெரியவில்லை. நல்ல பக்தியான வீடு என்று நினைத்தேன். புகைக்கு நடுவே, சமையலறைப் பின்கட்டில், அது நின்றது. அதே பாசிப்பச்சை, அதே குரோம், அதே குமிழ். டிரம்மைச் சுற்றினேன். சத்தமே இல்லாமல் சுற்றியது.

அப்போதுதான் விதி ஞாபகம் வந்தது.

"ஆன்டி எங்க அங்கிள்?"

"சித்தியவான்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. ரெண்டு வாரம் கழிச்சுத்தான் வருவா."

"அவங்களுக்குத் தெரியுமா?"

அங்கிள் சாம்பிராணிக் கரண்டியை இன்னும் ஒரு சுற்று சுற்றினார். "அவளுக்கு சம்மதம்தான் மா. சீக்கிரம் ஏத்திடுங்களேன்."

மணியம் என் காதருகே, "ரூல்" என்றார்.

"சும்மா இருங்க, தூக்குங்க" என்றேன்.

அந்த நேரத்தில் எனக்கு வாஷர் மட்டும்தான் கண்ணில் நின்றது. இத்தனை வருஷம் தனியாக நின்ற வாஷர். அங்கிள் எங்களோடு லிஃப்ட்வரை வந்து, அக்கம்பக்கம் பார்த்து, பொத்தானை அவரே அழுத்தினார். அவ்வளவு அவசரமாக மெஷின் விற்றவரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

4. விதை

வீட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். துடைத்துப் பாலிஷ் போட்டேன். நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மணியம் தானே டீ போட்டுக் குடித்தார். மறுநாள் கல்யாணம். சோதனைக்குத் துணி வேண்டும், மாமனுக்குக் காய்ந்த வேட்டி வேண்டும். இரண்டும் ஒரே வேலையாக முடியும் என்று நினைத்தேன். விடிந்ததும் போட்டு எடுத்துக் கொடுத்தேன். பிறகு நடந்ததைத்தான் மேலே எழுதிவிட்டேன். தாலி கட்டி முடிந்ததும் மணியம் யாருக்கும் சொல்லாமல் போய் மண்டபத்துக் குளியலறையில் ஒரு மணி நேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். பந்தியில் அவர் இடம் காலியாக இருந்தது.

திரும்பி வந்து பின் தகட்டைக் கழற்றினேன். பஞ்சு பிடிக்கும் வலைக்குள், பஞ்சோடு பஞ்சாகச் சின்னச் சின்ன மஞ்சள் விதைகள். டிரம்மைச் சுற்றியிருக்கும் கம்பளிப் பட்டையை முகர்ந்தேன். தும்மினேன். தும்மிக்கொண்டே அங்கிளுக்குப் போன் போட்டேன்.

"அங்கிள், டிரையர்ல என்ன காய வச்சீங்க?"

"துணிதான் மா." தொண்டையைச் செருமினார். "அப்புறம் ஆன்டி கொஞ்சம் சமையல் சாமான் போடுவா."

சமையல் சாமான் என்றால் மோர்மிளகாய். மிளகாயைக் கீறி, உப்புத் தயிரில் ஊறவைத்து, தலையணை உறையில் கட்டி டிரையரில் சுற்றவிடுவாராம் ஆன்டி. வருஷக்கணக்காக. சுற்றிலும் கட்டடம் எழும்பி, பால்கனிக்கு வெயில் வருவது நின்றுபோன பிறகு, டிரையர்தான் அவருக்குச் சூரியன். புகைக்குழாய் வழியாகக் காரம் போய் அந்த மாடி முழுக்க இருமியிருக்கிறது. மேனேஜ்மென்ட் ஆள் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போன பிறகுதான் அங்கிள் எனக்குப் போன் செய்திருக்கிறார்.

வினிகர் போட்டுத் துடைத்தேன். எலுமிச்சை தேய்த்தேன். சோப்புத் தண்ணீரில் கம்பளிப் பட்டையை ஊறவைத்தேன். ஒவ்வொரு தடவையும் மணியத்தின் பனியனைப் போட்டுச் சோதித்தேன். ஒவ்வொரு தடவையும் மணியம் சொறிந்தார்.

5. ஆன்டி வந்தார்

இரண்டு வாரம் கழித்து வாசலில் ஒரு கார் நின்றது. கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளியோடு ஓர் அம்மா இறங்கினார். அங்கிள் இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மிளகா மெஷின் எங்க?"

நான் உள்ளே அழைத்துப் போனேன். பத்மா ஆன்டி ஜோடியைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றார். பிறகு டிரையர் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தபோது முகம் வாடியிருந்தது.

"கழுவிட்டியா?"

"ஆமா ஆன்டி. வினிகர், எலுமிச்சை..."

"எத்தனை வருஷமா பழக்கி வச்சேன். தோசைக்கல்லைப் பழக்கற மாதிரி. ஒரே நாள்ல தேச்சு எடுத்துட்டியே." குரல் உடைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மணியம் முதுகைக் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தார். ஆன்டி அவரை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, அந்த பனியன் இதுலயா காய்ஞ்சது?"

"ஆமா ஆன்டி. காலையில."

"எரியுதா?"

"நல்லா எரியுது ஆன்டி."

ஆன்டியின் முகம் மலர்ந்தது. "அப்ப இன்னும் போகல" என்றார். "சரி மா, லோரியில ஏத்து. வீட்டுக்குக் கொண்டு போயிடலாம். நான் சொல்லாம அவர் வித்தா அது வித்த கணக்கா?"

காசு கொடுத்து வாங்கியது என்று நான் சண்டை போட்டிருக்கலாம். ஆனால் ஆம்பளை மட்டும் இருக்கும்போது வாங்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். என் விதிப்படியே நியாயம் அவர் பக்கம். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை. "ஏத்துங்க" என்றேன். மணியம் கயிறு எடுத்து வந்த வேகம் இருக்கிறதே, முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

டிரையரைத் தள்ளுவண்டியில் வைத்து வாசலுக்குக் கொண்டுவந்தார். ஆன்டி முன்னால் நடந்தார். எங்கள் வீட்டு முன்பக்கம் முழுக்க சிமெண்ட் தரை. மரம் கிடையாது, மாடி கிடையாது, மத்தியான வெயில் நேராக இறங்கும். ஆன்டி நடுவில் நின்றுவிட்டார். குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தார்.

"சுடுது" என்றார்.

"ஆமா ஆன்டி, செருப்பில்லாம நடக்க முடியாது."

"நாள் முழுக்க இப்படியா?"

"மழை இல்லன்னா நாள் முழுக்க."

ஆன்டி நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு வெயிலை வச்சிக்கிட்டு உனக்கு எதுக்கு டிரையர்?"

இத்தனை வருஷத் தொழிலில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. ஜோடியாக இருக்கட்டும் என்றுதான் என்று முணுமுணுத்தேன்.

"அப்ப நீயே வச்சுக்க. எனக்குத் தரையைக் குடு" என்றார் ஆன்டி. வாளியைத் திறந்தார். தயிரில் ஊறிய மிளகாய். "ஒரு பழைய வேட்டி எடுத்துட்டு வா."

கல்யாணத்தில் கட்டிய அந்த வேட்டியைத்தான் மணியம் எடுத்து வந்தார். அவருக்கு அதன்மேல் பாசம் விட்டுப் போயிருந்தது. ஆன்டி முழங்காலிட்டு, அதன்மேல் ஒவ்வொரு மிளகாயாகப் பரப்பினார். பிறகு காரைப் பார்த்து, "இறங்குங்க, காக்கா ஓட்டணும்" என்றார். அங்கிள் இறங்கினார்.

6. பாடம்

ஆன்டி இப்போது வாரம் தவறாமல் வருகிறார். காலை கமூட்டர் ரயிலில் அங்கிள், வாளி சகிதம் வந்து இறங்குவார். மணியம் லோரியில் போய் அழைத்து வருவார். இரண்டாவது வாரமே ஆன்டி எங்கள் கொடிக் கயிற்றைப் பார்த்துவிட்டார். "துணி சொட்டும், மிளகா நமத்துடும். கயித்தை அவுத்துடு மா" என்றார். அவிழ்த்துவிட்டேன். எதிர்த்துப் பேச முடியவில்லை, ஜோடியை விட்டுக் கொடுத்தவர் அல்லவா?

கொடி இல்லையென்றால் துணியை எங்கே காய வைப்பது? பாசிப்பச்சை டிரையரில்தான்.

இரண்டையும் ஒன்றாக ஓடவிட்ட அந்த முதல் காலை எனக்கு மறக்காது. வாஷர் குலுங்கக் குலுங்க, டிரையர் பக்கத்தில் மெல்ல முனகிக்கொண்டு சுற்றியது. நான் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இனி பாடம். டிரையர் வாங்கப் போனால் வீட்டுக்கார அம்மா வரும்வரை காத்திருங்கள். சாம்பிராணி போட்டிருந்தால் ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். தலையை டிரம்முக்குள் விட்டு, மூச்சை நன்றாக இழுத்துப் பாருங்கள். தும்மல் வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வெளியே ஆன்டி மிளகாயைத் திருப்பிப் போடுகிறார். அங்கிள் காக்கா ஓட்டுகிறார். உள்ளே டிரையர் ஓடி நின்றதும், மணியம் சூடான சட்டையை எடுத்து உதறி மாட்டிக்கொள்கிறார். இதோ, இடது காலைத் தூக்குகிறார்.